மாடியில் நாய்க்குட்டி, தலைக்கு மேல் பருந்து: தூக்கிட்டுப் போயிடுமா? செய்ய வேண்டியது என்ன, செய்யவே கூடாதது என்ன?

சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போகிறீர்கள். வாங்கி இரண்டு வாரமே ஆன குட்டி நாய் படியேறி பின்னாலேயே ஓடி வருகிறது. திடீரென்று தரையில் ஒரு பெரிய நிழல். நிமிர்ந்து பார்த்தால், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பருந்து ஒன்று வட்டமடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு கையில் துணி, இன்னொரு கையில் குட்டி என அள்ளிக்கொண்டு கீழே ஓடி வந்துவிடுகிறீர்கள்.

பயம் நியாயமானதுதான். கோழிக்குஞ்சைப் பருந்து அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தப் பயத்தில் அடுத்து நடப்பதுதான் சிக்கல். அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் "அந்த மரத்தை வெட்டிடலாம்", "கூட்டைக் கலைச்சிடலாம்", "உண்டிவில்லால ஒண்ணு விட்டா போயிடும்" என்று யோசனைகள் வரிசைகட்டும். இதில் ஒன்றைச் செய்தாலும் சட்டப்படி நீங்கள் வேட்டையாடியவர் ஆகிவிடுவீர்கள். நாய்க்கும் அதனால் பாதுகாப்பு வந்துவிடாது.

உண்மையில் ஆபத்து எவ்வளவு? எந்த நாய்க்கு? பறவையைத் தொடாமலேயே நாயைக் காப்பாற்றுவது எப்படி? பார்க்கலாம்.

பருந்து நாயைத் தூக்குமா?

நேரடியான பதில்: வளர்ந்த நாயை, அது எவ்வளவு சின்ன இனமாக இருந்தாலும், நம்ம ஊர்ப் பருந்தால் தூக்க முடியாது.

இது எடைக் கணக்கு. நகரத்தில் நாம் அதிகம் பார்க்கும் கரும்பருந்து இறக்கையை விரித்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் இருக்கும். அதனால்தான் பார்க்கப் பிரம்மாண்டமாகத் தெரிகிறது. ஆனால் அதன் எடை ஒரு கிலோகூட வராது. பறப்பதற்காகவே எலும்பு, தசை எல்லாம் லேசாக அமைந்த உடம்பு அது. தன் எடையில் பாதியைத் தூக்கிக்கொண்டு மேலே எழும்புவதே பெரும்பாலான வேட்டைப் பறவைகளுக்குப் பெரும்பாடு.

இப்போது நாய்ப் பக்கம் வருவோம். உலகின் மிகச் சிறிய நாய் இனமான சிவாவாவே வளர்ந்தபின் இரண்டு கிலோவை ஒட்டி இருக்கும். ஷிட்சூ நான்கு முதல் ஏழு கிலோ. பக் ஆறு முதல் எட்டு கிலோ. நம்ம ஊரில் பொமரேனியன் என்ற பெயரில் வீடுகளில் வளரும் பல நாய்கள் உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் வகை. அவை ஐந்து கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். முக்கால் கிலோ பறவை ஐந்து கிலோ நாயைத் தூக்குவது நடக்கிற காரியமில்லை.

அப்படியென்றால் செல்போனில் வருகிற வீடியோக்கள்? கனடாவின் மான்ட்ரியல் நகரப் பூங்காவில் ஒரு கழுகு பாய்ந்து வந்து குழந்தையையே தூக்குவது போன்ற வீடியோ 2012 டிசம்பரில் உலகம் முழுக்கப் பரவியது. அது அந்த ஊரில் அனிமேஷன் படித்த மாணவர்கள் கம்ப்யூட்டரில் உருவாக்கியது என்பது உடனேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்த வீடியோ இன்றுவரை வேறு வேறு ஊர்ப் பெயர்களில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

மேலே பறப்பது யார்? அடையாளம் தெரிஞ்சுக்கணும்

மேலே பறப்பதை எல்லாம் "கழுகு" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ஊருக்குள் பார்ப்பது பெரும்பாலும் கழுகு கிடையாது. தமிழ்நாட்டுக் குடியிருப்புகளைச் சுற்றி அதிகம் தென்படுபவை இவை:

கரும்பருந்து: உடம்பு முழுக்கப் பழுப்பு. வாலின் நுனி நடுவில் பிளந்தது போல இருக்கும். மீன் மார்க்கெட், கறிக்கடை, குப்பைக் கிடங்கு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இருக்கும். சென்னையில் காசிமேட்டிலும் கொடுங்கையூரிலும் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். இது பெரும்பாலும் கிடைத்ததைப் பொறுக்கித் தின்னும் பறவை. காலும் நகமும் கழுகு அளவுக்கு வலுவானவை அல்ல.

செம்பருந்து: தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றது செங்கல் நிறம். நாம் கருடன் என்று கும்பிடுவது இதைத்தான். கும்பாபிஷேகத்தில் கோபுரத்துக்கு மேல் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அதே பறவை நம் வீட்டு மாடிக்கு மேல் வட்டமிட்டால் வில்லனாகிவிடுகிறது. மீன், நண்டு, செத்த பிராணிகள்தான் இதன் முக்கிய உணவு. எடையில் கரும்பருந்தைவிடக் கொஞ்சம் குறைவு.

வல்லூறு: புறா அளவுதான் இருக்கும். மரக்கிளையில் மறைந்திருந்து ஓணான், அணில், சின்னப் பறவைகளைப் பிடிக்கும். நாயைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

கூகை, புள்ளி ஆந்தை: இரவில் நடமாடுபவை. எலி, சுண்டெலி, பூச்சிதான் இவற்றின் சாப்பாடு.

கொம்பன் ஆந்தை: தலையில் இரண்டு கொம்பு போல இறகு நிற்கும். ஒரு கிலோவுக்கு மேல் எடை இருக்கும், நகம் பலமானது. பாறைக் குன்று, கல்குவாரி, ஓடைக்கரைப் பக்கம் வாழும். ஊர் ஓரத்தில் வீடு இருப்பவர்கள் அந்தி நேரத்தில் மிகச் சின்னக் குட்டியை வெளியே விடும்போது கவனமாக இருக்க வேண்டியது இந்தப் பறவைக்குத்தான்.

ராஜாளி போன்ற உண்மையான பெரிய கழுகுகள் மலை, காடு ஓரங்களில் இருக்கின்றன. முயல், கவுதாரி அளவு இரையைப் பிடிக்கக்கூடியவை. நகரத்து மாடியில் இவற்றைச் சந்திக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

அப்போ ஏன் பாய்ஞ்சு வருது?

"தூக்க முடியாதுன்னா சரி, ஆனா என் கண் முன்னாடியே பாய்ஞ்சு வந்துச்சே" என்று பலர் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். பருந்து நாயை நோக்கிப் பாய்வதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டிலும் அதன் குறி நாய் இல்லை.

முதல் காரணம், தட்டு. மாடியில் நாய்க்குச் சிக்கன் சாதம், ஈரல், எலும்பு என்று வைத்துவிட்டுக் கீழே வந்துவிடுகிறோம். மேலே பறக்கிற பருந்துக்குத் தெரிவது நாய் அல்ல, கறித்துண்டு. மீன் மார்க்கெட்டில் கூடையிலிருந்து ஒரு மீனைத் தட்டிக்கொண்டு போவதுபோல அந்தத் துண்டுக்காகத்தான் இறங்குகிறது. நடுவில் நாய் நின்றால் நகம் படலாம். குட்டி குரைத்துக்கொண்டு தட்டைக் காக்கப் போனால் இன்னும் அதிகம் படலாம்.

இரண்டாவது காரணம், கூடு. பக்கத்துத் தென்னை, வேப்பமரம், செல்போன் டவர் இதில் ஏதாவது ஒன்றில் கூடு இருந்து, உள்ளே குஞ்சும் இருந்தால், கீழே நடமாடும் எதையும் பருந்து சந்தேகத்தோடு பார்க்கும். தாழப் பறந்து வந்து தலையை உரசிவிட்டுப் போகும். நாயை மட்டுமல்ல, துணி காயப்போட வந்தவரையும் வாட்டர் டேங்க் கழுவ வந்தவரையும்கூட விடாது. காக்கை கூடு கட்டிய மரத்தடியில் தலையில் கொத்து வாங்கியவர்களுக்கு இது புரியும். இரை பிடிக்க வருகிற பாய்ச்சல் அல்ல இது, "தள்ளிப் போ" என்ற மிரட்டல்.

இந்த இரண்டு காரணங்களுக்கும் இடையே தொடர்பும் உண்டு. டெல்லியில் பருந்துக் கூடுகளைக் கவனித்த ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே வேண்டுதலுக்காகப் பருந்துகளுக்கு இறைச்சித் துண்டுகளை வானில் வீசும் வழக்கம் உண்டு. இப்படி மனிதர்கள் கையால் உணவும் குப்பையும் அதிகம் கிடைக்கிற பகுதிகளில்தான் பருந்துகள் கூட்டைக் காக்க மனிதர்கள் மீது அதிகம் பாய்கின்றன என்பது அந்த ஆய்வு கண்டது. சோறு போடுகிற இடத்தில் பறவைக்கு மனிதன் மேல் இருக்கும் பயம் விட்டுப்போகிறது.

அதனால் மாடியில் தினமும் கறித்துண்டு வீசி "எங்க பருந்து வந்துடுச்சு" என்று ரசிப்பவர்கள் பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்குத் தெரியாமலேயே பிரச்சினையை வரவழைக்கிறார்கள்.

உண்மையில் யாருக்குத்தான் ஆபத்து?

ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்த நான்கு பேர் விஷயத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, பிறந்து சில வாரமே ஆன குட்டிகள். சின்ன இனங்களில் பிறந்த குட்டி ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும், எடை கிராம் கணக்கில்தான் இருக்கும். கோழிக்குஞ்சுக்கு இருக்கும் அதே ஆபத்து இதற்கும் உண்டு. கருப்பருந்துக்கு இது தூக்கக்கூடிய எடை.

இரண்டு, ஒரு கிலோவை எட்டாத இரண்டு, மூன்று மாதக் குட்டிகள். தூக்கிப் போக முடியாவிட்டாலும் நகம் பட்டுக் காயமாகலாம்.

மூன்று, கண் தெரியாத, காது கேட்காத, ஓட முடியாத வயதான சின்ன நாய்கள்.

நான்கு, வெள்ளத்துக்கோ வெயிலுக்கோ பயந்து தாய் நாய் மொட்டை மாடியிலோ காலி மனையிலோ குட்டி போட்டிருந்தால், அந்தத் தெருக்குட்டிகள். இவற்றைக் காக்க ஒரு பழைய அட்டைப்பெட்டியும் மேலே ஒரு தகரமும் போதும்.

ஐந்து கிலோவுக்கு மேல் உள்ள ஆரோக்கியமான நாய் வைத்திருப்பவர்கள் வானத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி, திறந்த கேட், வேகமாக வரும் பைக் இவைதான் அந்த நாய்க்குப் பெரிய எதிரிகள். வால்பாறை, நீலகிரி போன்ற மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கோ இரவில் நாயை வெளியே கட்டினால் சிறுத்தை ஆபத்துதான் முதலில் வரும்.

பாட்டி காலத்துப் பதில்: பஞ்சாரம்

கிராமத்தில் கோழி வளர்த்தவர்கள் இந்தப் பிரச்சினைக்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். குஞ்சு பொரித்த கோழியைக் குஞ்சுகளோடு சேர்த்துப் பஞ்சாரத்தால் கவிழ்த்து மூடி வைப்பார்கள். மூங்கில் பின்னலுக்குள் காற்றும் வெளிச்சமும் வரும், பருந்தின் நகம் வராது. குஞ்சு கொஞ்சம் பெரிதாகும்வரைதான் இந்தக் காவல். அதற்குப் பிறகு பஞ்சாரம் திண்ணைக்குப் போய்விடும்.

நாய்க்குட்டிக்கும் இதே வழிதான். மாற்ற வேண்டியது குட்டி இருக்கும் இடத்தை.

தலைக்கு மேல் ஒரு கூரை: மாடியில் குட்டி விளையாடும் மூலையில் மட்டும் நிழல் வலை கட்டினால் போதும். மாடித்தோட்டத்துக்கு வாங்கும் அதே பச்சை வலைதான். பருந்து மேலிருந்து நேராகப் பாய இடம் இருக்காது, குட்டிக்கு வெயிலும் குறையும். ஏற்கெனவே தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட், படிக்கட்டு அறை இருந்தால் அதன் அடியிலேயே இடம் ஒதுக்கலாம்.

மூடியுள்ள கூண்டு: குட்டிகளுக்கு விற்கும் மடக்குக் கம்பி வேலிகளில் பலவற்றுக்கு மேல்மூடி இருக்காது. மூடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது மேலே கம்பி வலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். நவீனப் பஞ்சாரம் இதுதான்.

பக்கத்தில் ஒரு ஆள்: பருந்து மனிதர்கள் நிற்கும் இடத்தில் இறங்கத் தயங்கும். ஒரு கிலோவுக்குக் குறைவான குட்டியைத் தனியாக மாடியில் விடாதீர்கள். "அஞ்சு நிமிஷம்தானே" என்று கீழே போகும் அந்த நேரம்தான் சிக்கல்.

சாப்பாடு வீட்டுக்குள்: தட்டு, எலும்பு, மிச்சம் எதுவும் மாடியில் இருக்கக் கூடாது. கறி கழுவிய தண்ணீரை மாடியில் ஊற்றுவது, மீன் செதிலைத் தொட்டிச் செடிக்கு உரமாகத் திறந்தபடி போடுவது இரண்டையும் நிறுத்துங்கள். பல வீடுகளில் இந்த ஒரு மாற்றத்திலேயே பருந்து வருவது குறைந்துவிடும்.

வாக்கிங் போகும்போது: சின்ன நாயைச் சங்கிலி இல்லாமல் திறந்த மைதானத்தில் ஓடவிட வேண்டாம். சங்கிலி ஒன்றரை, இரண்டு மீட்டருக்குள் இருந்தால் நாய் உங்கள் நிழலுக்குள்ளேயே இருக்கும். கூடு இருக்கும் மரத்தடி வழியாகப் போயே ஆக வேண்டும் என்றால் ஒரு குடை போதும்.

காக்கையைக் கவனியுங்கள்: ஏரியாவில் பருந்து வந்ததும் முதலில் தெரிந்துகொள்வது காக்கையும் இரட்டைவால் குருவியும்தான். இவை கூட்டாகக் கத்தித் துரத்த ஆரம்பித்தால் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். காசில்லாத அலாரம் அது.

வெளிநாடுகளில் சின்ன நாய்களுக்கு முதுகில் முள் வைத்த கெட்டியான ஜாக்கெட் விற்கிறார்கள். ஓநாய் இனமான கொயோட்டியும் பெரிய ஆந்தையும் உள்ள அமெரிக்கப் புறநகர்களுக்காக வந்தது அது. சென்னை, மதுரை வெயிலில் ஷிட்சூ, பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்கு அதை மாட்டிவிட்டால் பருந்துக்கு முன்னால் வெப்பம் தாக்கிவிடும்.

வலை கட்டினால் மட்டும் போதாது

பால்கனிக்குப் புறா வலை கட்டுவது இப்போது எல்லா அப்பார்ட்மென்ட்டிலும் சகஜம். சரியாகக் கட்டினால் நாய்க்கும் நல்லது, பறவைக்கும் நல்லது. தவறாகக் கட்டினால் அதுவே கண்ணி.

வலை டிரம் தோல்போல விறைப்பாக இருக்க வேண்டும். தொய்ந்து தொங்கினால் பறவையின் காலும் இறக்கையும் சிக்கிக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத மெல்லிய நரம்பு வலை வேண்டாம். பறவைக்குத் தூரத்திலிருந்தே தெரியும்படி தடித்த, நிறமுள்ள வலையாக இருக்கட்டும். கிழிந்த வலையை அப்படியே விட்டுவைக்காதீர்கள். மாதம் ஒருமுறை ஓரங்களைச் சரிபாருங்கள்.

மாடியில் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டுவது சிலரது யோசனை. மாஞ்சா நூலோ நைலான் நரம்போ எக்காரணம் கொண்டும் கட்டக் கூடாது. பறக்கும் பறவையின் இறக்கையைத் தசையோடு அறுத்துவிடும். டெல்லியில் மாஞ்சாவில் அறுபட்டு விழும் பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் சகோதரர்களைப் பற்றிய "ஆல் தட் ப்ரீத்ஸ்" ஆவணப்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது நினைவிருக்கலாம். அந்தக் காயங்களில் பலவற்றுக்குக் காரணம் ஒரு மெல்லிய நூல்தான்.

பழைய சி.டி., பளபளப்பு ரிப்பன், பொம்மை ஆந்தை இதெல்லாம் வேலை செய்யுமா? முதல் சில நாள் செய்யும். அசையாமல் ஒரே இடத்தில் இருந்தால் பறவை சீக்கிரம் பழகிவிடும். கேரி பேக் கட்டித் தொங்கவிடுவதில் இன்னொரு வேடிக்கை உண்டு. பருந்துகள் பிளாஸ்டிக் துண்டுகளை எடுத்துப் போய்க் கூட்டில் வைக்கும் பழக்கம் உள்ளவை. நீங்கள் பயமுறுத்தக் கட்டியதை அது வீட்டு அலங்காரத்துக்கு எடுத்துப் போய்விடலாம்.

பக்கத்திலேயே கூடு இருந்தால்?

பதற வேண்டாம். இது நிரந்தரப் பிரச்சினை இல்லை. பருந்து முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதம். குஞ்சு பறக்க அதன்பின் ஒன்றரை மாதம், கொஞ்சம் முன்பின் ஆகலாம். குஞ்சு கூட்டில் இருக்கும் வாரங்களில்தான் பாய்ச்சல் அதிகம். குஞ்சு பறந்துவிட்டால் பெற்றோரின் கோபமும் போய்விடும்.

அந்த இரண்டு, மூன்று மாதங்களுக்கு நாயின் விளையாட்டு இடத்தைக் கூட்டிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கத்துக்கு மாற்றுங்கள். மாடிக்குப் போகும் எல்லோரும் குடையோ தொப்பியோ எடுத்துக்கொள்ளட்டும். அப்பார்ட்மென்ட் என்றால் லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிடலாம்.

மரக்கிளை கழிக்கும் வேலை ஏற்கெனவே திட்டமிட்டிருந்தால் குஞ்சு பறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மரமே விழும் நிலையில் இருக்கிறது, தள்ளிப்போட முடியாது என்றால் தாமாக எதுவும் செய்யாமல் வனத்துறையிடம் சொல்லுங்கள்.

பறக்கப் பழகும் குஞ்சு சில நேரம் மாடியில் வந்து விழும். இறகு முழுதாக முளைத்து, காயம் இல்லாமல் நின்றால் அதைத் தொட வேண்டாம். நாயை உள்ளே கட்டிவிட்டு மாடிக் கதவைச் சாத்துங்கள். தாய்ப் பறவை பக்கத்தில்தான் இருக்கும்.

செய்யவே கூடாதவை, சட்டம் சொல்வது

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. பருந்து, ஆந்தை, வல்லூறு இனங்கள் அதன் பாதுகாப்பில் வருகின்றன. அந்தச் சட்டத்தில் "வேட்டை" என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருள் இல்லை. பிடிப்பது, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, துரத்துவது, காயப்படுத்துவது எல்லாமே வேட்டைதான். பறவைகள் விஷயத்தில் முட்டையையோ கூட்டையோ சேதப்படுத்துவதும், அதைத் தொந்தரவு செய்வதும்கூட அதே கணக்கில் வரும்.

அதாவது ஒட்டடைக் கம்பால் கூட்டைத் தள்ளிவிடுவது, உண்டிவில், ஏர்கன், பட்டாசு கொளுத்திக் கூட்டுக்குள் போடுவது எல்லாமே குற்றம். "என் நாயைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்" என்பது பருந்துக் கூட்டைக் கலைக்க உரிமை தந்துவிடாது.

2022-ல் திருத்தப்பட்ட பிறகு இந்தச் சட்டத்தை மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். முதல் அட்டவணையில் உள்ள இனமாக இருந்தால் சிறைத் தண்டனையே குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது.

சட்டத்தை விடுங்கள், நடைமுறையில் பார்த்தாலும் பயனில்லை. ஒரு ஜோடியை விரட்டினால், கறிக்கடைக் கழிவும் குப்பையும் அங்கேயே இருக்கும்வரை இன்னொரு ஜோடி வந்து அதே மரத்தில் உட்காரும். தெருவில் செத்துக் கிடக்கும் எலியையும் கோழிக் கழிவையும் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டு போவதும் இதே பறவைதான்.

எலி மருந்து: நாய்க்கும் ஆந்தைக்கும் ஒரே விஷம்

பலர் யோசிக்காத விஷயம் இது. கடையில் கேக் போல விற்கும் எலி மருந்துகளில் பல, ரத்தம் உறையவிடாமல் செய்யும் வகை. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது கூகைக்குச் சுலபம். அந்த விஷம் அப்படியே பறவைக்குப் போகும்.

அதே கேக்கை உங்கள் நாய் மோந்து பார்த்துத் தின்னவும் வாய்ப்பு உண்டு. அப்படி நடந்தால் அறிகுறி தெரிய சில நாள் ஆகலாம். அதற்காகக் காத்திருக்காமல் மருந்தின் அட்டையோடு உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வைட்டமின் கே ஊசி, மாத்திரை மூலம் காப்பாற்ற முடியும், சீக்கிரம் போனால். நாய் வளர்க்கும் வீட்டில் எலிப்பொறிதான் நல்லது.

நகம் பட்டுவிட்டால் முதலுதவி

பறவை நகம் குத்திய காயம் வெளியே ஊசி குத்தியது போலச் சின்னதாகத் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும். முடி அடர்ந்த நாயில் காயமே கண்ணில் படாது. அதனால்:

* முடியை விலக்கி முதுகு, கழுத்து, கண்ணைச் சுற்றி முழுதாகத் தடவிப் பாருங்கள்.
* ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.
* சுத்தமான தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். மஞ்சள் தூள், காபித் தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்.
* நாம் போடும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. அது நாய்க்கு விஷமாகலாம்.
* கண்ணில் பட்டிருந்தால், மூச்சு வாங்கினால், ஈறு வெளுத்திருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.
* வெளியே காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனையை அணுகலாம்.

அடிபட்டது பறவை என்றால்? நாயை உள்ளே அனுப்பிவிட்டு, ஒரு துண்டைப் பறவை மேல் போட்டு மூடி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சோறு ஊட்ட வேண்டாம். வனத்துறைக்கோ பறவை மீட்பு அமைப்புக்கோ உடனே சொல்லுங்கள்.

அடிக்கடி வரும் கேள்விகள்

பருந்து கீறினால் நாய்க்கு ரேபிஸ் வருமா?
வராது. ரேபிஸ் பாலூட்டிகள் மூலம் பரவும் நோய். ஆனால் காயத்தில் கிருமித் தொற்று வரும், அதற்கு வைத்தியம் அவசியம். நாய்க்கு வழக்கமாகப் போடும் ரேபிஸ் தடுப்பூசியையும் விட்டுவிடக் கூடாது.

இரவில் ஆந்தை வந்து மாடியில் உட்காருது, நாய்க்கு ஆபத்தா?
ஊருக்குள் வருவது பெரும்பாலும் கூகையோ புள்ளி ஆந்தையோதான். அவை எலிக்காக வருகின்றன. நாய்க்கு ஒன்றும் ஆகாது. அபசகுனமும் கிடையாது.

குட்டிக்கு எத்தனை மாதம் வரை காவல் வேண்டும்?
மாதத்தைவிட எடையைப் பாருங்கள். இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டால் கவலை பெருமளவு தீர்ந்தது. சிவாவா போன்ற மிகச் சின்ன இனம் என்றால் வளர்ந்த பிறகும் திறந்தவெளியில் பக்கத்தில் இருங்கள்.

இன்னொரு பெரிய நாய் கூட இருந்தால் போதுமா?
உதவும். பருந்து இறங்கத் தயங்கும். ஆனால் அதை மட்டும் நம்பிக் குட்டியைத் தனியாக விட வேண்டாம்.

ஒரே பார்வையில்

* ஒரு கிலோவுக்குக் குறைவான குட்டி: கூரை அல்லது மூடிய கூண்டு, பக்கத்தில் ஒரு ஆள்.
* வளர்ந்த நாய்: கறித் தட்டு மாடியில் வேண்டாம், அவ்வளவுதான்.
* கூடு இருந்தால்: இரண்டு, மூன்று மாதம் பொறுமை, ஒரு குடை.
* வலை: விறைப்பாக, கண்ணுக்குத் தெரியும்படி. மாஞ்சாவும் நரம்பும் கூடவே கூடாது.
* கல், உண்டிவில், விஷம், கூடு கலைத்தல்: சட்டப்படி வேட்டை.

குட்டிக்குக் காவல் தேவைப்படுவது சில மாதங்கள்தான். பருந்தின் குஞ்சுக்கும் அதே கணக்குதான். இன்று சாயங்காலம் மாடிக்குப் போகும்போது முதலில் நாய்த் தட்டைக் கீழே கொண்டு வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நிழல் வலை கட்டிக்கொள்ளலாம்.